மலையேறி நிற்கும் ஏரிக்கரை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்குக் கிழக்கே வாசாட்ச் மலைத்தொடர் நிற்கிறது. வெயில் சாய்ந்த நேரத்தில் அந்தச் சரிவைப் பார்த்தால், மட்டப்பலகை வைத்துக் கிழித்தாற்போல் சில நீண்ட வரிகள் தெரியும். மலை மேடும் பள்ளமுமாக வளைந்து போகிறது. வரிகள் மட்டும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. ஏறிப்போய்ப் பார்த்தால் அவை அகலமான படிகள். ஊர்க்காரர்கள் அவற்றை ‘பெஞ்ச்’ என்கிறார்கள். அவற்றின்மீது வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். தோண்டினால் உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள் வருகின்றன. ஆனால் பக்கத்தில் இருக்கும் பெரிய நீர்நிலையான பெரும் உப்பு ஏரி, மிக உயர்ந்த வரிக்கு ஏறக்குறைய 300 மீட்டர் கீழே கிடக்கிறது.

1849இல் இந்த ஏரியை அளக்க வந்த ராணுவப் பொறியாளர் ஹோவர்ட் ஸ்டான்ஸ்பரி, படிப்படியாக அடுக்கிய இந்த வரிகளைக் கண்டு, இவை பழைய நீர்மட்டத்தின் தடங்கள் என்று எழுதினார். அவற்றை முழுமையாக வாசித்தவர் குரோவ் கார்ல் கில்பர்ட் என்ற புவியியலாளர். 1870களில் அங்கே அலையத் தொடங்கிய அவர், மறைந்துபோன அந்த ஏரிக்குப் பானவில் என்று பெயர் வைத்தார். 1890இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ஆய்வுநூல் வரிசையில் முதலாம் எண்ணிட்ட நூலாக அவருடைய ‘லேக் பானவில்’ வெளிவந்தது. ஏரிக்கரை எப்படி உருவாகிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

கில்பர்ட்டின் முறை எளிமையானது: அலை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு, செய்ததைத் தேடுவது. அலை மோதும் இடத்தில் சரிவின் அடி அரிக்கப்பட்டு, மேலே செங்குத்தான வெட்டும் கீழே சமதளமும் உண்டாகும். இரண்டும் சந்திக்கும் மூலை, ஏறத்தாழ அந்தக் காலத்து நீர்மட்டம். அரித்தெடுத்த கல்லையும் மணலையும் அலை கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போகும். குடா குறுக்கிடும் இடத்தில் அவை நீருக்குள் நாக்கு நீட்டினாற்போல் சரளை மேடுகளாகக் குவியும். ஸ்டாக்டன் என்ற ஊருக்கருகே இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே கிடக்கும் பிரம்மாண்டமான மேடு அப்படிக் குவிந்ததுதான்.

இன்னும் துல்லியமான சாட்சி, ஆறு ஏரியில் சேரும் கழிமுகம். ஆறு கொண்டுவந்த சரளை, நின்ற நீரைத் தொட்டதும் வேகமிழந்து சரிந்து விழும். அதனால் கழிமுகத்தை வெட்டிப் பார்த்தால் மேலே கிடையான அடுக்குகள், அவற்றின் கீழே சாய்ந்த அடுக்குகள். கிடை முடிந்து சாய்வு தொடங்கும் கோடு நீர்மட்டத்தை ஒட்டி அமைகிறது. இவ்வகைக் கழிமுகத்தை உலகம் முழுதும் ‘கில்பர்ட் கழிமுகம்’ என்றே அழைக்கிறார்கள்.

கரைக்கு ஒரு குறை உண்டு. நீர் எவ்வளவு உயரத்தில் நின்றது என்று சொல்லும். எப்போது நின்றது, எதற்குப் பின் எது என்று தானாகச் சொல்லாது. மேலே இருக்கும் கரைதான் பழையது என்றும் கொள்ள முடியாது. ஏரி ஏறும்போது தன் பழைய கீழ்க்கரைகளைத் தானே அழித்துக்கொண்டும், வண்டலில் புதைத்துக்கொண்டும் போகும். மலையில் எஞ்சியிருப்பது, பக்கங்கள் கிழிந்த கணக்குப் புத்தகம்.

கிழிந்த பக்கங்கள் ஏரியின் அடியில் இருக்கின்றன. அடிச்சேறு வரிசை தவறாமல் படிகிறது. கீழே பழையது, மேலே புதியது. குழாய் இறக்கிச் சேற்றை நீண்ட தண்டாக எடுத்து, நீளவாட்டில் பிளந்து பார்க்கிறார்கள். மெல்லிய சுண்ணாம்புக் களி என்றால் அந்த இடம் அப்போது கரையிலிருந்து தள்ளி, ஆழமாக இருந்திருக்கிறது. மணலும் சரளையும் குறுக்கிட்டால் கரை நெருங்கி வந்திருக்கிறது. ஜிப்சமோ உப்போ படிந்திருந்தால் ஏரி சுண்டிப்போயிருக்கிறது. சேற்றில் ஆஸ்ட்ரகாட் என்ற மிகச் சிறிய ஓட்டுடலிகளின் கூடுகளும் கிடைக்கும். சில இனங்கள் நன்னீரில் மட்டும் வாழும், சில உப்பைத் தாங்கும். எது இருக்கிறது என்பதே நீரின் சுவையைச் சொல்லிவிடும். அந்தக் கூடுகளில் உள்ள ஆக்சிஜனும் பேசும். நீர் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன் முந்திப் பறக்கிறது, கனமானது பின்தங்குகிறது. எனவே வெளியேற வழியில்லாமல் வற்றிக்கொண்டிருந்த காலத்துக் கூடுகளில் கனமான ஆக்சிஜன் மிகுந்திருக்கும்.

கில்பர்ட்டும் சேற்றைப் படித்தார். ஆறு அறுத்த கரைகளில் கீழே மஞ்சள் களி, மேலே வெண்ணிறச் சுண்ணாம்புக் களி. இரண்டுக்கும் நடுவே அரிப்பின் தடம். ஏரி நிறைந்து, வற்றி, மறுபடி நிறைந்திருக்கிறது என்று அதிலிருந்து முடிவுகட்டினார். அவரிடம் இல்லாதது ஆண்டுக்கணக்கு மட்டுமே.

அதை 20ஆம் நூற்றாண்டு கொடுத்தது. சேற்றில் சிக்கிய மரத்துண்டையும் நத்தைக் கூட்டையும் ரேடியோ கார்பன் முறையில் காலம் கணிக்கிறார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: சுண்ணாம்புப் பாறையில் ஊறி வந்த நீரில் பழைய கார்பன் கலந்திருக்கும், அதில் வளர்ந்த கூடு தன் வயதைக் கூட்டிச் சொல்லும். ஆகவே நிலத்தில் வளர்ந்த செடியின் துண்டு கிடைத்தால் கூடுதல் மதிப்பு. கரை மணலுக்கு வேறு வழி உண்டு. மணல்துகள் கடைசியாக வெயில் பட்டு எவ்வளவு காலமாயிற்று என்பதை, அதற்குள் சேர்ந்த ஆற்றலை ஒளியாக வெளிவரச் செய்து அளக்கிறார்கள். இப்படிக் காலம் தெரிந்த ஒவ்வொரு கரையும் சேறும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகிறது. கரைப் புள்ளி, நீர் இங்கே நின்றது என்கிறது. ஆழ்சேற்றுப் புள்ளி, நீர் இதற்கு மேலே இருந்தது என்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகும் கோடுதான் ஏரியின் வரலாறு.

பானவில்லின் கோடு இப்படிப் போகிறது. சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் நீர் ஏறத் தொடங்கியது. சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன் உச்சம்: பரப்பு ஏறக்குறைய 51,000 சதுர கிலோமீட்டர், ஆழம் 300 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் வடக்கே ஐடஹோவில் உள்ள ரெட் ராக் கணவாய் வழியாக நீர் வழிந்தது. ஏரிக்குக் கலங்கல் போல அமைந்த அந்த இடம், உறுதியில்லாத மண்ணும் கல்லும் சேர்ந்த மேடு. அது உடைந்தது. நீர்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் இறங்கியது. வெள்ளத்தின் உச்சத்தில் வினாடிக்குச் சுமார் 10 லட்சம் கன மீட்டர் நீர் பாய்ந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ஸ்நேக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அந்த வெள்ளம் உருட்டிப்போட்ட வழவழப்பான பாறைகள் இன்றும் குவியலாகக் கிடக்கின்றன. ‘முலாம்பழச் சரளை’ என்று புவியியலாளர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அரிப்பு கடினமான பாறையைத் தொட்டதும் நின்றது. அந்தப் பாறை புதிய கலங்கலாயிற்று. மழை கூடினால் உபரி வழிந்துவிடும் என்பதால் நீர் நெடுங்காலம் ஏறத்தாழ அதே மட்டத்தில் நின்றது, அலைகள் ஒரே இடத்தை அறுத்துக்கொண்டே இருந்தன. புரோவோ என்று பெயர் பெற்ற அந்தக் கரை இத்தனை அகலமாக இருப்பதன் காரணம் இதுதான். பிறகு பருவநிலை வறண்டது, நீர் கலங்கலுக்குக் கீழே இறங்கியது, சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் ஏரி இன்றைய அளவை நெருங்கிவிட்டது.

முதலில் கண்ட வரிகள் கண்ணுக்குத்தான் மட்டம். கில்பர்ட் கருவி வைத்து அளந்தபோது, ஒரே கரை ஏரியின் நடுவில் இருந்த தீவுகளில் உயரமாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் இருந்தது. இன்றைய அளவில் வித்தியாசம் சுமார் 70 மீட்டர். அத்தனை நீரின் சுமையில் நிலம் நடுவே அமிழ்ந்திருந்து, சுமை போனபின் மேலெழுந்திருக்கிறது என்று அவர் விளக்கினார். அந்தச் சாய்வை வைத்தே, பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள பாறை எவ்வளவு இளக்கமானது என்று பின்வந்தவர்கள் கணக்கிட்டார்கள். ஏரியை அறியப் போனவர்களுக்குப் பூமியின் உள்ளும் தெரியவந்தது.

இந்தச் சாட்சியங்கள் வேகமாகக் குறைந்துவருகின்றன. அலை சலித்துக் குவித்த சுத்தமான சரளை கட்டுமானத்துக்கு ஏற்றது. ஆகவே பானவில்லின் கரைகளில் பல இடங்களில் குவாரிகள் இருக்கின்றன. 18,000 ஆண்டுகள் நின்ற மேட்டை வாரியெடுக்கச் சில ஆண்டுகள் போதும். வாரியபின் அந்தக் கரையின் உயரத்தையோ வயதையோ எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. அளந்து பதிவு செய்யும் வரையிலாவது முக்கியமான கரைகளை விட்டுவைக்க வேண்டும்.

ஏரி இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. 1980களின் பெருமழையில் நெடுஞ்சாலையையும் ரயில்பாதையையும் மிரட்டிய பெரும் உப்பு ஏரி, 2022 நவம்பரில் அளவீடு தொடங்கியதிலிருந்து மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,277 மீட்டருக்கு இறங்கியது. ஆறுகளின் நீர் வழியிலேயே எடுக்கப்படுவது அதற்குப் பெரிய காரணம். 1959இல் ஏரியின் குறுக்கே கல்லணை போட்டு ரயில்பாதை அமைத்தார்கள். ஆறுகள் சேரும் தெற்குப் பாதியில் உப்பு குறைவு, அடியில் சேறு படிகிறது. ஆற்றுநீர் எட்டாத வடக்குப் பாதி செந்நிறமேறி, அடியில் உப்பு இறுகிக் கிடக்கிறது. பின்னொரு காலத்தில் அங்கே குழாய் இறக்குகிறவர்களின் கையில் ஒரே ஏரியின், ஒரே ஆண்டுகளின் இரண்டு தண்டுகள் வரும்: ஒன்றில் சேறு, மற்றொன்றில் உப்பு.