இருதயக் கருவியும் கிருமியும்

1958ஆம் ஆண்டு ஒக்டோபரில், சுவீடன் தேசத்து ஸ்டொக்ஹோம் நகரில், எல்ம்குவிஸ்ட் ஆக்கிய துடிப்புக் கருவியைச் செனிங் என்னும் சத்திரவைத்தியர் நோயாளி ஒருவரின் உடலினுள் முழுமையாக வைத்தார். அது சில மணி நேரமே உழைத்தது. இன்றைய கருவிகள் பல்லாண்டு உழைக்கின்றன. ஆயினும் கிருமி தொற்றும் அபாயம் அவற்றுக்கும் உண்டு.

கருவி மார்புத் தோலின்கீழ் இருக்க, அதன் கம்பி நாளத்தின் வழியே இருதயத்தினுட் செல்கின்றது. கிருமிகள் அவற்றின்மேல் பாசிபோலப் படர்ந்துவிட்டால் மருந்து மட்டும் போதாது; கருவியையும் கம்பியையும் ஒருங்கே அகற்றவேண்டும். பல்லாண்டு கிடந்த கம்பியோ நாளத்தின் சுவரோடு ஒட்டியிருக்கும். இழுக்கையில் நாளம் கிழிந்தால் உயிருக்கே மோசம். தையலின் மேற்புண் மட்டுமாயின் அந்த ஆபத்தை வலிந்து ஏற்பானேன்? ஆகவே, கிருமி எதுவரை சென்றுள்ளது என்று முதலில் அறியவேண்டும்.

உணவுக் குழாய் வழியாக எடுக்கும் ஒலியலைப் படம் கம்பியில் ஒட்டிய கட்டியைக் காட்டும். அது கிருமிக் கட்டியா, வெறும் இரத்தக் கட்டியா என்பது அதில் எப்பொழுதும் புலப்படாது. இங்கே 'பெட்' என்னும் படமுறை துணைபுரிகின்றது. கதிர்வீசும் புளோரின் சேர்ந்த சர்க்கரைப் பொருளைச் சிறிதளவு இரத்தத்திற் செலுத்துவர். கிருமியோடு பொரும் வெள்ளணுக்கள் அதனை மிகுதியாக உட்கொள்வதால் அவ்விடம் படத்தில் ஒளிரும். இருதயத் தசையும் சர்க்கரையை விரும்புவதே! அதனால் நோயாளி முன்னதாகவே மாப்பண்டமும் இனிப்பும் விலக்கிக் கொழுப்புணவு உண்டு, பின்னர்ப் பட்டினி இருத்தல் வேண்டும்.

சத்திரசிகிச்சை செய்த புதிதில் ஆறும் புண்ணும் அவ்வாறே ஒளிரும்; உலோகமும் சிலவேளை பொய்யொளி காட்டும். ஆதலால் நிபுணர்கள் கணினி திருத்திய படத்தோடு திருத்தாத மூலப்படத்தையும் ஒப்புநோக்குவர்.