தடத்தை அழிக்காதீர்கள்

ஜொகூரின் தோட்டங்களில் வாழ்ந்த பாட்டிமார்களின் பாடல்களை ஒலிப்பதிவு செய்து, பின்னர் உறுமி சேர்க்க விரும்புகிறோம். சேர்த்தபின் மேளம் குரலை விழுங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

குரலையும் உறுமியையும் தனித்தனித் தடங்களில் வைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆடாசிட்டி' என்னும் இலவச மென்பொருளே இதற்குப் போதும்.

ஒவ்வொரு தடத்தின் இடப்பக்கத்திலும் அதற்குரிய கட்டுப்பாடுகள் உள்ளன. 'மியூட்' அத்தடத்தை மட்டும் ஊமையாக்கும். 'சோலோ' அதை மட்டும் ஒலிக்கவிட்டு மற்றவற்றை அடக்கும். ஒலியளவுக் கட்டுப்பாடு ஒலியைக் கூட்டிக் குறைக்கும். 'பேன்' ஒலியை இடப்புறமோ வலப்புறமோ ஒதுக்கும்.

குரல் கேட்கவில்லையென்றால் குரலைக் கூட்டத்தான் கை போகும். ஆனால், தடங்கள் கலக்கும்போது அவற்றின் அலைகள் ஒன்றுடன் ஒன்று கூடுகின்றன. கூட்டுத்தொகை 0 டெசிபலைத் தாண்டினால் ஒலி கரகரக்கும். எனவே உறுமியைக் குறையுங்கள். 6 டெசிபல் குறைத்தால் அதன் அலையுயரம் ஏறக்குறையப் பாதியாகும். குரல் தெளிவாகக் கேட்கும்.

இக்கட்டுப்பாடுகள் எதுவும் மூலப்பதிவைத் தொடுவதில்லை. மியூட் செய்த தடம் இறுதிக் கலவையில் சேராது. ஆயினும் சேமித்த கோப்பில் பத்திரமாக இருக்கும். வேண்டாத தடத்தையும் அழிக்காமல் மியூட் செய்து வையுங்கள். உறுமியை நாளையும் வாசிக்கலாம். பாட்டி மீண்டும் பாட நாளை இருப்பாரா என்பது யாருக்குத் தெரியும்?