மீன் தொட்டிக்கும் உறை மோர் வேண்டும்!

ஆறாவது படிக்கும் என் மகன், "மீன் தொட்டி வாங்கித் தாம்மா...' என்று ஒரு வருஷமாக நச்சரித்துக் கொண்டிருந்தான். முழுப் பரீட்சை லீவில், என் கணவர் அவனைக் கொளத்தூருக்கு அழைத்துப் போய், 2 அடி நீளத் தொட்டியும், மோட்டார் பில்டரும், குப்பி, மாலி, பிளாட்டி என்று 12 மீன்களும் வாங்கிக் கொடுத்தார்.

சிக்கனமும், சுத்தமும் பார்ப்பதாக நினைத்து, நான் இரண்டு தவறுகள் செய்தேன். கரன்ட் பில் எகிறுமே என்று, ராத்திரி படுக்கப் போகும்போது பில்டரை நிறுத்தி விடுவேன். வாரம் ஒரு முறை, அதிலுள்ள ஸ்பாஞ்சைக் கழற்றி, சோப்புத் தூள் போட்டு, குழாயடியில் கசக்கிப் பிழிந்து மாட்டுவேன். தண்ணீர் என்னவோ பளிச்சென்று தான் இருந்தது. ஆனால், மூன்றே வாரத்தில், ஒன்பது மீன்கள் செத்து மிதந்தன. "நீதாம்மா கொன்னுட்டே...' என்று அழுத பையன், சாப்பிடாமலே படுத்து விட்டான். எனக்கு மனசே ஆறவில்லை.

மாடி வீட்டு அக்கா, பல வருஷமாக மீன் வளர்ப்பவர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"பில்டர்னா அழுக்கு வடிகட்டற சல்லடைன்னு நெனைச்சியா? மீனோட கழிவும், மிச்சத் தீனியும் அம்மோனியாங்கற விஷமா மாறும். அது கண்ணுக்கே தெரியாது. ஸ்பாஞ்சுல குடியிருக்கற பாக்டீரியா தான், அதை நைட்ரைட்டாக்கி, அப்புறம் அவ்வளவா கெடுதல் இல்லாத நைட்ரேட்டா மாத்துது. சோப்பும், குழாய்த் தண்ணி குளோரினும் பட்டா அது செத்துடும். ராத்திரி நிறுத்தினா, காத்து இல்லாம தவிக்கும். உறை மோர் பாத்திரத்தை தேய்ச்சுக் கழுவி வச்சுட்டு, பால் உறையலியேன்னா எப்படிம்மா?' என்றார்.

எந்த பில்டர் நல்லது என்று கேட்டேன். கூழாங்கல்லுக்கு அடியில் வைக்கும் தட்டு பில்டரில், கசடு அடியில் தங்கி, ஒரு நாள் தொட்டியையே கலைக்க வேண்டி வருமாம். எங்கள் மோட்டார் பில்டரின் வேகத்திற்கு, குப்பி மீன்கள் ஓரமாக ஒதுங்கிக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். "50 லிட்டர் தொட்டிக்கு, ஏர் பம்ப்பில் ஓடற ஸ்பாஞ்ச் பில்டரே போதும். விலையும் குறைவு, குஞ்சுகளையும் உள்ளே இழுக்காது' என்றார்.

கரன்ட் கணக்கும் போட்டுக் காட்டினார். 5 வாட் பம்ப், நாள் முழுக்க ஓடினாலும், மாதத்திற்கு 4 யூனிட் கூட ஆகாது! இதற்காகவா ஒன்பது உயிரை விட்டோம் என்று வெட்கமாகப் போயிற்று. கரன்ட் போனால், தண்ணீர் டியூப் வழியாக ஏறி பம்ப்பைக் கெடுக்காமலிருக்க, அதைத் தொட்டியை விட உயரத்தில் மாட்டச் சொன்னார்.

பாக்டீரியா பெருக, 4 முதல் 6 வாரம் ஆகுமாம். அதனால், தன் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, புது பில்டரோடு சேர்த்துப் போடக் கொடுத்தார். அது தான் உறை மோர்! மிச்சமிருந்த மூன்று மீன்களோடு பொறுமையாக இருந்தோம். தீனியைக் குறைத்தோம். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரால், அடிக்கடி கால் பங்கு மாற்றினோம். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசுவதோடு சரி. ஆறு வாரம் கழித்துத் தான், இரண்டிரண்டாக மீன்கள் சேர்த்தோம்.

அதன் பின், ஒரு மீன் கூடச் சாகவில்லை. போன வாரம், மாலி குட்டி போட்டிருக்கிறது. "அம்மா... பதினாலு இருக்கும்மா!' என்று தொட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறான் பையன்.

தொட்டி வாங்கப் போகும் சகோதரிகளே... முதலில் பில்டரை ஓட விட்டு, அப்புறம் மீனை வாங்குங்கள். என்னைப் போல் சுத்தம் பார்த்து, பிள்ளையை அழ விடாதீர்கள்!

— ஒரு வாசகி, சென்னை.