பாம்பனில் துருவுக்கு ஓய்வில்லை

பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. மண்டபத்துக்கும் ராமேஸ்வரம் தீவுக்கும் இடையே கடல்மேல் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. இடைப்பட்ட 108 ஆண்டுகளில் புயலும் கப்பலும் அதை மோதிப் பார்த்தன. கடைசியில் அதை ஓய்வுக்கு அனுப்பியது துரு.

கடற்காற்றில் கலந்து வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த உப்பிலுள்ள குளோரைடு, துரு பரவுவதைத் துரிதப்படுத்துகிறது. முழுக்க நீருக்குள் மூழ்கிய இரும்புக்குக்கூட அவ்வளவு ஆபத்தில்லை, அங்கே ஆக்சிஜன் குறைவு. அலை அடித்து நனைத்து, வெயில் காயவைத்து, மறுபடி அலை அடிக்கும் பகுதிதான் முதலில் அரிபடும். பாம்பனில் தண்ணீர்மட்டத்துக்கு மிக அருகிலேயே கர்டர்கள் என்னும் இரும்பு உத்தரங்கள் கிடந்தன.

அதனால் அந்தப் பாலத்தில் பெயின்ட் அடிக்கும் வேலை முடிந்ததே இல்லை. கம்பிப் பிரஷ்ஷால் பழைய துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, அதன்மேல் வண்ணம் பூசுவார்கள். ஒரு முனையில் முடிக்கும்போது மறுமுனை மறுபடி தயாராகியிருக்கும். தேறாத கர்டர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவதும் அவ்வப்போது நடந்தது. அழகுக்காகப் பூசும் வண்ணம் என்று ரயிலில் போகிறவர் நினைத்திருக்கலாம். உண்மையில் பாலத்தின் ஆயுளே அந்தச் சில அடுக்குப் பூச்சில்தான் இருந்தது.

சோதிப்பதற்கு மிகப் பழைய முறை ஒன்று உண்டு. இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டின் ஒரு தலையில் விரலை வைத்துக்கொண்டு, மறுதலையைச் சிறு சுத்தியலால் தட்டுவார்கள். இறுக்கமாக இருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்திருந்தால் அசைவு விரலில் உறைக்கும். பாலத்தில் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். தண்டவாளத்தை கீமேன் என்னும் ரயில்வே ஊழியர் தினமும் நடந்து பார்ப்பார். பாலத்தை ஆண்டுக்கொரு முறையாவது பொறியாளர் முழுமையாகப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். நீருக்கடியில் உள்ள பகுதிகளுக்கு முக்குளிப்போர் இறங்குவார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த ரயிலைக் கடல் கொண்டுபோனது. பாலத்தின் பெரும்பாலான கர்டர்களும் கடலில் விழுந்தன. கப்பல்களுக்கு வழிவிட நடுவே திறக்கும் ஷெர்சர் தூக்குப்பாலம் மட்டும் தாக்குப்பிடித்தது. சீரமைப்புப் பொறுப்பு, பின்னாளில் 'மெட்ரோ மனிதர்' என்று பெயரெடுத்த இ. ஸ்ரீதரனிடம் வந்தது. மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னார்கள். கடலுக்குள் கிடந்த கர்டர்களை மீட்டுத் திரும்பப் பொருத்தியதால் 46 நாளில் பாலம் தயாரானது. அந்தச் சாதனையை இன்றும் வியந்து பேசுகிறோம். ஆனால் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதைத் துருவிலிருந்து காத்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. எந்தப் பாலத்துக்கும் இதே கதைதான்.

பராமரிப்பாளர் கண்ணுக்குத் தப்புகிற இடங்களும் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றுக்குக் குறுக்கே 1928-இல் கட்டிய சில்வர் பாலம், 1967 டிசம்பர் 15 மாலை நெரிசல் நேரத்தில் சரிந்தது. 46 பேர் இறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய இரும்புச் சங்கிலியின் ஒரு கண்ணியில், 3 மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லாத விரிசல் காரணம். இணைப்பைக் கழற்றாமல் அதைக் கண்டுபிடிக்க அன்று வழியில்லை. பாலங்களைக் குறித்த இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும் என்ற விதி அமெரிக்கா முழுவதற்கும் வந்தது அதற்குப் பிறகுதான்.

திருச்சியில் கொள்ளிடத்தின்மீதும் அதே 1928-இல் கட்டிய இரும்புப் பாலம் இருந்தது. புதுப்பாலம் வந்ததால் போக்குவரத்து நின்றிருந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சாய்ந்தன. அங்கே பிரச்சினை இரும்பில் இல்லை. தூணில் மோதும் வெள்ளம் சுழன்று அடிமணலைத் தோண்டிவிடும். ஆற்றில் மணல் அள்ளி ஏற்கெனவே படுகை இறங்கியிருந்தால் அடித்தளத்தின் பிடி இன்னும் சீக்கிரம் போய்விடும்.

பாம்பனிலும் அறிகுறிகள் ஒவ்வொன்றாக வந்தன. 2018 டிசம்பரில் தூக்குப்பாலத்தில் விரிசல் தெரிந்து, சில மாதம் ரயில்கள் நின்றன. பழுது பார்த்துத் திறந்தார்கள். 2022-இல் அரிப்பு மறுபடி முற்றியபோது, பக்கத்திலேயே புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது.

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில், 18.3 மீட்டர் நீளக் கர்டர்கள் 99. நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி, லிஃப்ட் போல நேராக 17 மீட்டர் மேலே எழும்பும். இருபுறமும் தொங்கும் எதிர் எடைகள் பாரத்தைச் சமன் செய்வதால், மோட்டாருக்குப் பெரிய வேலை இல்லை. பழைய பாலத்தின் இரண்டு இறக்கைகளையும் ஆட்கள்தான் கையால் சுழற்றித் திறந்தார்கள். புதிய பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, கர்டர்களுக்கு பாலிசிலாக்சேன் பூச்சு. எந்தப் பூச்சும் கீறல் விழும்வரைதான் காவல்.

சுத்தியலுக்கும் அங்கே வேலை குறைந்துவிட்டது. கர்டர்களை ரிவெட்டுக்குப் பதில் வெல்டிங்கில் இணைத்திருக்கிறார்கள். வெல்டிங்குக்குள் ஒளிந்திருக்கும் விரிசல் தட்டினால் தெரியாது. மீயொலி அலைகளைச் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைத் திரையில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.