வடசென்னையின் கூட்டு நினைவில் கால்பந்து: திரைப்படங்களை முன்வைத்து

முன்னுரை

நினைவு தனிமனித மனத்தில் மட்டும் தங்குவதன்று. சமூகக் குழுவின் சட்டகத்திற்குள்ளேயே அது உருப்பெறுகிறது என்பார் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொரிஸ் ஹால்ப்வாக்ஸ் (1925). விளையாட்டும் அத்தகைய சட்டகமாக அமைவதுண்டு. 1911 ஜூலை 29 அன்று கொல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிப் பெற்ற அவ்வெற்றி காலனிய எதிர்ப்புணர்வோடு பிணைந்தது. அதன் நூற்றாண்டில் 'எகாரோ' என்னும் வங்கத் திரைப்படமும் வெளிவந்தது. அங்கு நினைவுக்கு நாளும் பெயரும் உண்டு. வடசென்னைக் கால்பந்தின் நினைவு கலையில் எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

களமும் குடியிருப்பும்

உழைக்கும் மக்கள் செறிந்து வாழும் வியாசர்பாடியை ஊடகங்கள் 'குட்டி பிரேசில்' என்று குறிப்பிடுவதுண்டு. இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை 2017-18இல் வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடிய தனபால் கணேஷ் இப்பகுதியினர். இங்குக் கால்பந்து பொழுதுபோக்கு மட்டுமன்று. பகுதியின் தன்மதிப்புக்கான அடையாளமுமாகும்.

திரையில் கால்பந்து

பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) படத்தில் நாயகன் காளி நண்பர்களுடன் கால்பந்து ஆடுபவன். அரசியல் தலைவரின் உருவம் தீட்டிய சுவர் இரு தரப்பினரைப் பகைக்கச் செய்கிறது. ஆட்டமோ இளைஞர்களை ஒன்றுசேர்க்கிறது. 'ஜடா' (2019) படத்தில், 'செவன்ஸ்' ஆட்டத்தில் உயிரிழந்த மூத்த ஆட்டக்காரரின் நினைவே கதையை நகர்த்துகிறது. அதே ஆண்டில் வெளிவந்த 'பிகில்', வன்முறைச் சூழலிலிருந்து மகனை மீட்கும் வழியாகக் கால்பந்தைக் கருதும் தந்தையைக் காட்டுகிறது.

இம்மூன்றிலும் கால்பந்து வன்முறையின் மறுதலையாகவோ அதன் பலியாகவோ நிற்கிறது. வன்முறையே பகுதியின் இயல்பு, ஆட்டம் அதிலிருந்து தப்பும் வழி என்னும் பார்வைக்கு இது இடந்தருகிறது. ஆட்டத்தைத் தலைமுறைகளாகப் பேணியதும் அதே பகுதிதான் என்னும் உண்மை பின்தள்ளப்படுகிறது. குத்துச்சண்டைக்கு, 1970களின் பின்னணியில் பரம்பரைகளின் மரபைப் பேசும் 'சார்பட்டா பரம்பரை' (2021) வாய்த்தது. மேற்கண்ட கால்பந்துப் படங்களில் அத்தகைய வரலாற்று ஆழம் இல்லை.

முடிவுரை

வடசென்னைக் கால்பந்தைத் திரை கண்டுகொண்டுள்ளது. ஆயினும் அதன் கடந்தகாலத்தை முழுமையாகப் பதிவுசெய்யவில்லை. மூத்த ஆட்டக்காரர், பயிற்சியாளர், உள்ளூர்ப் போட்டி நடத்துவோர் ஆகியோரின் வாய்மொழி வரலாறு தொகுக்கப்படாவிடில், திரை காட்டும் வன்முறைச் சித்திரமே பகுதியின் வரலாறாக எஞ்சிவிடும். அத்தொகுப்பு தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.