கடன் கணக்கு – 14: நொடித்தவன் ஏற்றிய விளக்கு

போன வாரம் கிரெடிட் கார்டின் ‘மினிமம் டியூ’வில் நிறுத்தினேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும், திரும்பச் சொல்லி இடத்தைக் கரைக்க மனமில்லை. திவால் மனு போடுவது எப்படி, போட்டபின் கடனிலிருந்து விடுதலை வாங்குவது எப்படி என்று இரண்டையும் இந்த வாரமே எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் பாதியையாவது முடிக்கப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாமக்கல்லிலிருந்து ஒரு தம்பி வந்தான். வயது 33. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை, கைக்கு வருவது 24,000. உட்கார்ந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான். அது நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்ந்து மேஜையின் விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. விழப்போகும் நேரத்தில் மட்டும் பிடித்து உள்ளே தள்ளினான், எடுத்துப் பேசவில்லை.

“ஐ.பி. போட்டர்லாம்னு இருக்கேங்ணா” என்றான்.

கணக்கையெல்லாம் ஒரு 40 பக்க நோட்டில் எழுதி எடுத்து வந்திருந்தான். முதல் பக்கத்தில் கல்விக் கடன். 2010ல் கல்லூரியில் சேர்ந்தான். வருடத்துக்கு 90,000 வீதம் நான்கு வருடத்துக்கு 3,60,000. நான்கு லட்சத்துக்குள் என்பதால் சொத்து ஜாமீன் கேட்கவில்லை, அப்பா கையெழுத்து மட்டும் போதும் என்றார்கள். வட்டி 12.5 சதவீதம். படிக்கிற நான்கு வருடமும் முடித்தபின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பது ஏற்பாடு. தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு ஏது? தனிவட்டியாகவே போட்டும், 2015ல் கட்டத் தொடங்கும்போது முதலும் வட்டியும் சேர்ந்து 5,17,500. ஏழு வருடத்தில் அடைக்க மாதத் தவணை 9,274 ரூபாய். அன்றைக்கு அவன் சம்பளம் 11,000.

அந்த நோட்டில் இல்லாத ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அந்தத் தவணை விடுமுறைக் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் 2009லேயே வந்துவிட்டது. இவன் அப்பா லாரி டிரைவர். வருமானச் சான்றிதழ் கொடுத்து அந்த மானியத்தை வாங்கியிருந்தால் 1,57,500 ரூபாய் இவன் தலையில் ஏறியிருக்காது. கடன் கொடுத்த கிளையில் ஒருவர்கூட அப்பாவிடமோ மகனிடமோ அதைச் சொல்லவில்லை. நான் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தத் தொகையை நோட்டின் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டான். அந்த வட்டம் இந்த வாரம் முழுக்க என் கண்ணிலேயே நிற்கிறது.

அதன்பின் நடந்தது இந்தத் தொடரில் நாம் எத்தனையோ முறை பார்த்த கதை. கல்விக் கடன் தவணைக்கு பெர்சனல் லோன், அதை அடைக்க கார்டு, கார்டுக்கு ஏழு நாள் ஆப், ஆப்புக்குக் கைமாத்து. இன்றைய மொத்தம் 13,40,000.

அவன் போனபின் ‘திவால்’ என்ற சொல்லைத் தேடினேன். அரை மணி நேரம் என்று உட்கார்ந்தவன், மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். நம் ஊர்ப் பேச்சில் இதற்கு மஞ்சள் கடுதாசி, ஐ.பி. என்று சொந்தப் பெயர்கள் உண்டு. திவால் மட்டும் வடக்கிலிருந்து வந்தது. 1886ல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் இந்தச் சொல்லுக்கு ஒரு பதிவு இருக்கிறது. அந்த அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரஸ்வதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். கடன் வழக்குகள் அவர் முன் வராமலா இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் படித்தேன்.

அதில் இருக்கும் செய்தி இதுதான். ஒரு வியாபாரி நொடித்துப்போனால், அல்லது நொடிக்கப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால், வீட்டிலோ கடையிலோ பெரிய விளக்கொன்றை ஏற்றி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். கடன் கொடுத்தவர்கள் வந்து கணக்கைப் பார்த்து, இருப்பதைப் பங்கிட்டுச் சமாதானமாகும்வரை தலைகாட்ட மாட்டான். விளக்கைக் குறிக்கும் ‘தீப’த்திலிருந்துதான் திவாலா பிறந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். வேர்ச்சொல்லில் தகராறு உண்டு என்று அகராதியே ஒப்புக்கொள்கிறது. தகராறு பண்டிதர்களோடு இருக்கட்டும். எனக்கு அந்த விளக்கு போதும்.

நொடித்தவன் இருட்டில் ஓடிப்போவான் என்றுதான் நாம் நினைப்போம். இவன் வெளிச்சம் போட்டுவிட்டுப் போகிறான். என் கதை முடிந்தது, கணக்குப் புத்தகம் உள்ளே இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று தெருவுக்கே சொல்கிறது அந்த விளக்கு. கடன் கொடுத்தவனுக்கும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. முந்திக்கொண்டு வந்தவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது, எல்லோரும் ஒரே வெளிச்சத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொள்ள வேண்டும். நவீன திவால் சட்டத்தின் கருவும் இதேதான். மேஜையில் கவிழ்ந்து கிடந்த அந்தப் போனை நினைத்துக்கொண்டேன். மூன்று வருடமாக அவன் விளக்கை அணைத்துக்கொண்டே வாழ்கிறான்.

சட்டத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை அவனோடு நாமக்கல்லில் ஒரு மூத்த வழக்கறிஞரைப் பார்க்கப் போனேன். சென்னைக்காரனாக இருந்தால் 1909ஆம் ஆண்டுச் சட்டம், உயர் நீதிமன்றம். மற்ற ஊர்க்காரர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதன் முதலெழுத்துகள்தான் ஐ.பி., நீதிமன்றத்தில் வழக்கு எண்ணே அப்படித்தான் விழும். அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, எதையெல்லாம் செய்தால் ஒருவன் நொடித்தவன் ஆகிறான் என்று வரிசையாகச் சொல்கிறது. கடனைக் கட்டுவதை நிறுத்திவிட்டேன், அல்லது நிறுத்தப்போகிறேன் என்று கடன் கொடுத்தவருக்கு அறிவிப்புக் கொடுப்பதும் அதில் ஒன்று. நம் மஞ்சள் கடுதாசி சட்டப் புத்தகத்தில் குடியிருப்பது அங்கேதான்.

கடனைக் கட்ட வழியில்லாதவன் தானாக மனுப் போட, கடன் 500 ரூபாய் இருந்தாலே போதும். 1920ல் எழுதிய 500 இன்றும் 500தான். அதைவிட என்னை உலுக்கியது 72ஆம் பிரிவு. நொடித்தவன் என்று நீதிமன்றம் அறிவித்து, இன்னும் விடுதலை உத்தரவு வாங்காதவன், தன் நிலையைச் சொல்லாமல் ஒருவரிடம் 50 ரூபாய் கடன் வாங்கினால் ஆறு மாதம்வரை சிறைத் தண்டனை உண்டு. கோர்ட் வாசல் கடையில் நாங்கள் இருவரும் டீயும் வடையும் சாப்பிட்டோம். டீ 15, வடை 10, இரண்டு பேருக்கு 50 ரூபாய். ‘நாளைக்குத் தர்றேண்ணா’ என்று கடைக்காரரிடம் வாய்தவறிச் சொன்னால் குற்றம். நூறு வருடத்தில் இந்த எண்ணைத் திருத்த ஒருவருக்கும் தோன்றவில்லை என்றால், இந்தச் சட்டத்தின் வாசலுக்கு வருகிறவர்களை யாரும் நினைத்தே பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

மனுவோடு யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், தன் பேரில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் தர வேண்டும். நொடித்தவன் என்று உத்தரவானதும் சொத்து நீதிமன்றத்தின் அல்லது ரிசீவரின் கைக்குப் போய்விடும். அதன்பின் அந்தக் கடன்களுக்காக அனுமதியின்றி யாரும் அவன்மேல் தனியாக வழக்குப் போட முடியாது. பைக்கை மச்சான் பேருக்கு மாற்றிவிட்டு மனுப் போடு என்று பட்டறையில் யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்குள் அப்படிச் சும்மா மாற்றியதை நீதிமன்றம் ரத்துசெய்யலாம் என்று வழக்கறிஞர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

ஜெயில் பயம் அவனுக்கு நிறைய இருந்தது. வசூலுக்குக் கூப்பிடுகிற பையன்கள் தினமும் அதைத்தான் சொல்கிறார்களாம். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022ல் சொன்னதே அவர்கள் காதுக்கு எட்டவில்லை. கட்ட வசதியிருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாதவனைத்தான் கடனுக்காகச் சிறையில் போடலாம், இல்லாமை குற்றமாகாது என்று 1980லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார். இதைக் கேட்டதும் தம்பியின் தோள் ஒரு அங்குலம் இறங்கியதை நான் பார்த்தேன்.

இப்போது என் பழைய வெறிக்கு வருகிறேன். ஏழாவது வாரத்திலிருந்து இதையே சொல்கிறான் என்று சலித்துக்கொள்பவர்கள் சலித்துக்கொள்ளுங்கள். 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில், விடுதலை உத்தரவு வாங்கினாலும் கழியாத கடன்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அரசுக்குத் தர வேண்டியது, மோசடியால் வந்தது, ஜீவனாம்சம் ஆகியவை அதில் இருக்கின்றன. கல்விக் கடன் இல்லை. 2016ல் புதிய திவால் சட்டம் கொண்டுவந்தார்கள். கம்பெனிகளுக்கு அது எப்போதோ அமலாகிவிட்டது. தனி மனிதர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் வந்தது. மற்றவர்கள் இன்றும் பழைய சட்டத்திலேயே இருக்கிறோம். புதிய சட்டம் முழுக்க வந்தால் நல்லது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன், 79ஆம் பிரிவின் 15ஆம் உட்பிரிவைப் படிக்கும்வரை. எந்த விடுதலையிலும் கழியாத கடன்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன: நீதிமன்றம் விதித்த அபராதம், அடுத்தவருக்குச் செய்த கேட்டுக்கான நஷ்டஈடு, ஜீவனாம்சம். அவற்றோடு கல்விக் கடன்.

படித்ததை அபராதத்தோடு ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். சூதாடி வாங்கிய கடன்கூட அந்த வரிசையில் பெயர் சொல்லி நிற்கவில்லை. லாரி டிரைவர் மகன் இன்ஜினீயரிங் படித்த கடன் நிற்கிறது. அமெரிக்கா இந்த வழியில் படிப்படியாகப் போன நாடு. 1976ல் கல்விக் கடனுக்கு ஐந்து வருடக் காத்திருப்பு வைத்தார்கள், 1990ல் அதை ஏழாக்கினார்கள், 1998ல் காலக்கெடுவையே எடுத்துவிட்டு, தாங்க முடியாத துன்பம் என்று நிரூபித்தால்தான் கழியும் என்றார்கள். அவர்கள் 22 வருடத்தில் எட்டிய இடத்துக்கு நாம் ஒரே வரியில் போய்விட்டோம், துன்பத்தை நிரூபிக்கும் அந்த வாசலைக்கூட வைக்காமல். அந்த ஒரு சொல்லை, இந்தப் பகுதி அமலாகும் முன்பே நீக்க வேண்டும். நீக்கும்வரை எழுதுவேன்.

அப்படியானால் பழைய சட்டம் இருக்கும்போதே தம்பி மனுப் போட்டுவிடலாமே? நானும் அதைத்தான் கேட்டேன். வழக்கறிஞர் 44ஆம் பிரிவைத் திறந்து வைத்தார். நொடித்தவனுக்குக் கிடைக்கிற விடுதலை, அவனோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவருக்கோ ஜாமீன் நின்றவருக்கோ கிடைக்காது. கல்விக் கடன் பத்திரத்தில் மகனோடு சேர்ந்து கடன் வாங்கியவர் அப்பா. மகன் வெளியே வந்தால் வங்கி அப்பாவிடம் போகும்.

அன்று இரவு அவன் வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு 64 வயது, கண் மங்கி வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, டிரங்குப் பெட்டியிலிருந்து கடன் பத்திரத்தின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து. முதல் பக்கத்தில் நிதானமாக, எழுத்து எழுத்தாக. கடைசிப் பக்கம் வரும்போது கை ஓய்ந்து ஒரு கோடாக இழுத்திருந்தது. எதிலெல்லாம் போடுகிறோம் என்று அன்றைக்கு யாரும் படித்துக் காட்டவில்லை என்றார்.

“பையன் வெளிய வந்துட்டா நாந்தானுங்க கட்டோணும்? எங்கிட்ட புடிக்க என்னங்க தம்பி இருக்குது?”

கடனுக்காக எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் இருப்பதைச் சொன்னேன். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, கைத்தொழில் செய்கிறவனின் கருவிகள், சம்பிரதாயப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகை. அவர் மனைவி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ‘நகை’ என்றதும் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே மஞ்சள் கயிறுதான் இருந்தது, அதில் கோத்திருந்த தங்கம் எந்த வருடத்திலோ அடகுக்குப் போய்விட்டது.

“அப்பறம் என்னங்க, அவன் போடட்டும்” என்றார் அப்பா.

“நீ சும்மா இருப்பா” என்றான் தம்பி. நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மனு இன்னும் போடவில்லை. வங்கியில் அப்பாவையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி முடிக்க முடியுமா என்று அடுத்த திங்கட்கிழமை போய்க் கேட்கப்போகிறோம். விடுதலை உத்தரவு எத்தனை காலத்தில் கிடைக்கும், அதைக் கேட்க மறந்தால் என்ன ஆகும் என்பதை இந்த வாரம் தொட முடியவில்லை. அடுத்த இதழில், திங்கட்கிழமை நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

(தொடரும்)