பேரனுக்கு ஸ்பகெட்டி... பாட்டிக்குப் பாடம்!



மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று 2023ல் அமெரிக்காவில் நியூஜெர்சிக்குப் போனேன். சாம்பார்ப்பொடி, வத்தல், வடாம் என்று ஒரு பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு போனேன். ஏழு வயதுப் பேரனுக்கு என் கையால் ஆக்கிப் போட வேண்டும் என்ற ஆசைதான்.

மறுநாளே ரசம் தாளித்தேன். பேரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஸ்மெல் அடிக்குது பாட்டி" என்று மாடிக்கு ஓடிவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவனுக்குப் பிடித்தது ஸ்பகெட்டி. நூடுல்ஸ் போல, கொஞ்சம் தடியாக, கோதுமையில் செய்தது. மகள் வேலை விட்டு வந்ததும் அதை வேகவைத்து, கடையில் வாங்கிய பாட்டில் சாஸை ஊற்றிக் கொடுத்துவிடுவாள். நான் ருசித்துப் பார்த்தேன். ஒரே தித்திப்பு! லேபிளில் பார்த்தால் சர்க்கரை என்று போட்டிருந்தது.

"இதையா புள்ளைக்குக் கொடுக்கிறே? நானே செஞ்சு தர்றேன்" என்று வீறாப்பாகக் கிளம்பினேன். தக்காளித் தொக்கு செய்யத் தெரியாதா நமக்கு? தொக்கு மாதிரியே வதக்கி, யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்பூன் சாம்பார்ப்பொடியையும் போட்டுவிட்டேன். பேரன் ஒரு வாய் வைத்தான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தே போய்விட்டான்.

மகளுக்குக் கோபம். "அம்மா, உனக்கு அவன் சாப்பிடணுமா, இல்ல உன் பொடி ஜெயிக்கணுமா?" என்று கேட்டாள். சுருக்கென்று தைத்தது.

அடுத்த வீட்டில் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மாள் தனியாக இருந்தார். அவருடைய பாட்டி, இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவராம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாஸ் வைப்பார் என்று சொல்லி, மகள் என்னை அங்கே அழைத்துப் போனாள். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

எண்ணெயைக் காயவைத்துத் தாளிக்கும் வேலையே இல்லை. நாலு மேஜைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் ஐந்து பல் பூண்டை நசுக்கிப் போட்டு, அதன் பிறகுதான் அடுப்பையே மூட்டினார். தீ சிறியதாகவே இருந்தது. பூண்டு சிவந்தால் சாஸ் கசந்துவிடுமாம். வாசனை வந்ததும், பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயத்தைப் போட்டுக் குழைய வதக்கினார். பிறகு தோல் உரித்த தக்காளி, 800 கிராம் டின் ஒன்று. குளிர்காலத்தில் அங்கே கடைக்கு வரும் தக்காளி காயாகவே பறித்தது, ருசி இருக்காது என்பதால் டின். மிக்ஸியில் அடிக்கவில்லை, கையாலேயே பிசைந்து சேர்த்தார். உப்புப் போட்டு, அரை மூடி மூடி, முக்கால் மணி நேரம் கொதித்தும் கொதிக்காமலும் விட்டார். ஓரத்தில் எண்ணெய் மினுங்கினால் பதம். இறக்கும்போது ஐந்தாறு பேசில் இலை. நம் ஊர்த் திருநீற்றுப் பச்சிலைதான் அது! புளிப்பு தூக்கலாக இருந்தால், அடுத்த முறை வெங்காயத்தோடு பாதி கேரட்டைத் துருவிப் போட்டால் போதும்.

450 கிராம் ஸ்பகெட்டியை நாலு லிட்டர் உப்புத் தண்ணீரில் போட்டு, பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வடித்தார். பச்சைத் தண்ணீரில் அலசக் கூடாது. வடித்த கஞ்சியில் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்பகெட்டியை சாஸிலேயே போட்டு, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இரண்டு நிமிடம் புரட்டினார். அப்போதுதான் சாஸ் ஒட்டிப் பிடிக்கிறது.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே தூவும் இத்தாலியப் பார்மேசான் சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்க்கிறார்கள். பார்த்து வாங்குங்கள்.

கிளறிக்கொண்டே அந்த அம்மாள் ஒன்று சொன்னார். அவருடைய அம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில், "பூண்டு நாத்தம்" என்று மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி செய்வார்களாம். "இப்போ பாருங்க, அதே பூண்டு சாஸைத்தான் ஊரே சாப்பிடுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேரன் மூக்கைப் பிடித்ததுதான் ஞாபகம் வந்தது. தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து இத்தாலிக்குப் போனதுதானாம். அங்கேயும் ரொம்ப காலம் அதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்களாம். நம் ரசத்தில் விழும் தக்காளியும் அப்படி வெளியிலிருந்து வந்ததுதானே? எல்லா ருசிக்கும் பழக நாள் ஆகும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த சனிக்கிழமை பேரனை ஸ்டூலில் நிற்க வைத்து, தக்காளி பிசையும் வேலையை அவனிடமே கொடுத்தேன். சட்டையெல்லாம் தெறித்தது. பொடி, கிடி எதுவும் போடவில்லை. "நான் செஞ்ச சாஸ்" என்று அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டான். அதிலிருந்து வாரா வாரம் எங்கள் இருவருக்கும் அதுதான் வேலை. பாட்டில் வாங்குவதும் நின்றது. மிஞ்சும் சாஸை மகள் ஃப்ரீசரில் வைத்துக்கொள்வாள்.

நான் ஊர் திரும்பும் வாரம் ரசம் தாளிக்கப் போனேன். பேரன் தானாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கடுகு நான் போடட்டுமா பாட்டி?" என்றான். ரசம் அரை டம்ளர்தான் குடித்தான். ஆனால் மூக்கைப் பிடிக்கவில்லை. எனக்கு அது போதும்.

தோழியரே, இந்த சாஸை நம் வீட்டிலும் செய்யலாம். ஒரு கிலோ பெங்களூர்த் தக்காளியை வெந்நீரில் அரை நிமிடம் போட்டெடுத்துத் தோலை உரித்துக்கொள்ளுங்கள். நாட்டுத் தக்காளி வேண்டாம். நீரும் புளிப்பும் அதிகம். பிள்ளைகள் நம் சமையலைத் தள்ளிவிட்டால் மனம் உடையாதீர்கள். தெரியாமல் கலந்து ஊட்டாதீர்கள். கரண்டியை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.